காகசஸ் வரைபடத்தைக் கையால் வரைவது எப்படி: முதலில் மலை, எல்லை கடைசியில்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே, ஐரோப்பாவும் ஆசியாவும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பது காகசஸ். இதைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் நாடுகளின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான், ரஷ்யாவுக்குள் ஏழு குடியரசுகள் என்று பட்டியல் நீளும். பாதியிலேயே எது எங்கே என்பது குழம்பிவிடும். வரிசையைத் தலைகீழாக்கினால் இந்தச் சிக்கல் வராது. கடற்கரை, மலை, ஆறு, மழை, கணவாய் எல்லாம் தாளில் ஏறிய பிறகு எல்லைக்கோட்டைப் போட்டால், அது ஏன் அங்கே போகிறது என்பது பெரும்பாலும் தானே விளங்கும்.

ஒரே தாளில், இரண்டு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

தாளும் அளவும்

ஏ4 கிராஃப் தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். அச்சிட்ட கட்டப் பகுதி அகலத்தில் 22.5 செ.மீ., உயரத்தில் 18 செ.மீ. இருந்தால் போதும். எச்பி பென்சில், பழுப்பு, நீலம், பச்சை, சிவப்பு வண்ணப் பென்சில்கள், அளவுகோல், ஒரு முழம் நூல் வேண்டும். நூல் எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

இடது ஓரம் கிழக்குத் தீர்க்கக்கோடு 36°, வலது ஓரம் 51°. கீழ் ஓரம் வடக்கு அட்சக்கோடு 38°, மேல் ஓரம் 47°. ஒரு தீர்க்கத்துக்கு 1.5 செ.மீ., ஒரு அட்சத்துக்கு 2 செ.மீ. என்று பிரியுங்கள். இரண்டையும் ஒரே அளவாக வைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அட்சக்கோடுகளுக்கு இடையே எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. இருக்கும், தீர்க்கக்கோடுகளோ துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். 42° வடக்கில் ஒரு தீர்க்கத்தின் அகலம் 83 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சதுரக் கட்டமாகப் போட்டால் மொத்தப் பகுதியும் கிழக்கு மேற்காக மூன்றில் ஒரு பங்கு இழுபட்டு, மலை உண்மையைவிடப் படுத்துக் கிடப்பதுபோலத் தெரியும். 1.5க்கு 2 என்று வைத்தால் எந்தத் திசையில் அளந்தாலும் 1 செ.மீ. ஏறக்குறைய 55 கி.மீ. தாளின் வடக்கு ஓரத்தில் மட்டும் கிழக்கு மேற்குத் தூரம் பத்து சதவீதம் வரை கூடுதலாகத் தெரியும். அங்கே சமவெளிதான், பொறுத்துக்கொள்ளலாம்.

கீழே தரும் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம், இரண்டாவது கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி, இரண்டும் செ.மீ.யில். வேறு ஊர்களைச் சேர்க்க வேண்டுமானால் கணக்கு எளிது: தீர்க்கத்திலிருந்து 36ஐக் கழித்து 1.5ஆல் பெருக்குங்கள், அட்சத்திலிருந்து 38ஐக் கழித்து 2ஆல் பெருக்குங்கள். 43°30′ என்பதை 43.3 என்று எடுத்துவிடாதீர்கள். அது 43.5, கலைகளை (′ குறியிட்ட எண்ணை; ஒரு பாகைக்கு 60 கலை) 60ஆல் வகுத்தே சேர்க்க வேண்டும். புள்ளிகள் சிறிது சிறிதாக விலகிப்போவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இரு கரைகள்

கருங்கடல் கரை: அனபா 2.0, 13.8. நோவொரோசிஸ்க் 2.7, 13.4. சோச்சி 5.6, 11.2. சுகுமி 7.5, 10.0. போத்தி 8.5, 8.3. பத்தூமி 8.5, 7.3. அங்கிருந்து துருக்கிக் கரையாகத் திரும்பி திராப்சன் 5.6, 6.0. இவற்றை இணைத்தால் கடல் கிழக்கே ஆப்பு மாதிரி கூர்ந்து முடிவது தெரியும். சோச்சியும் திராப்சனும் ஒரே தீர்க்கத்தில் எதிரெதிரே நிற்பதைக் கவனியுங்கள். இடையில் 5.2 செ.மீ., அதாவது சுமார் 285 கி.மீ. தண்ணீர். அசோவ் கடலுக்கு தெம்ரியூக் 2.1, 14.6 என்ற புள்ளியிலிருந்து வடக்கே 3.4, 17.4 வரை ஒரு வளைவு போதும்.

காஸ்பியன் கரை: வடக்கே 17, 15 அருகில் தொடங்கி 16, 13 வரை உள்வாங்கி, மகாச்கலா 17.3, 10.0, தர்பெந்த் 18.4, 8.1 வழியாக அப்செரோன் தீபகற்பத்தின் மூக்கு 21.6, 4.8. அதன் தென்புறத்தில் பாக்கு 20.8, 4.8. பிறகு குரா ஆற்றின் முகம் 20.0, 2.6, லெங்கரான் 19.3, 1.5.

மகாச்கலாவுக்கு வடக்கே உள்ள கரையைப் பென்சிலில் விட்டுக்கோடாக மட்டும் போடுங்கள். வடகாஸ்பியன் மிகவும் ஆழம் குறைந்தது. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கரை கிலோமீட்டர் கணக்கில் விலகிவிடும்; அண்மை ஆண்டுகளில் மட்டம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு அட்லஸ்களில் இந்தக் கரை பொருந்தவில்லை என்றால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். காஸ்பியனின் மேற்பரப்பே உலகக் கடல்மட்டத்துக்குச் சுமார் 28 மீ. கீழே இருக்கிறது. இந்த எண்ணைக் கரையோரம் எழுதி வையுங்கள். மேற்கே 0 மீ., கிழக்கே −28 மீ.

ஏணி

இப்போது பழுப்புப் பென்சில். காகசஸை ஏணியாக நினைத்துக்கொள்வது வசதி: இரண்டு நீளக் கால்கள், இடையில் ஒரே ஒரு குறுக்குப்படி.

வடகால்தான் பெருங்காகசஸ். அதன் நீர்பிரிமேட்டை, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் முகட்டை, இப்படிப் போடுங்கள்: அனபா 2.0, 13.8, ஃபிஷ்ட் சிகரம் 5.9, 11.9; அடுத்து 9.8, 10.4, ஷ்காரா 10.7, 10.0, ஜ்வாரி கணவாய் 12.7, 9.0, அடுத்து 15.6, 7.7, பசார்துசு 17.8, 6.4, அங்கிருந்து இறங்கி அப்செரோன். கோடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்கிறது. கிழக்கு மேற்காக நேராகப் போட்டால் பாக்குவின் இடம் கடலுக்குள் போய்விடும்.

எல்பரஸ் சிகரத்தை இந்தக் கோட்டின்மேல் வைக்காதீர்கள். அதன் இடம் 9.7, 10.7. நீர்பிரிமேட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வடக்கே, முழுக்க ரஷ்யாவுக்குள், தனியே நிற்கும் எரிமலை அது, 5,642 மீ. கஸ்பெக்கும் அப்படித்தான்: 12.8, 9.4. முதன்மைத் தொடருக்கு வடக்கே இணையாக ஓடும் பக்கத் தொடரில் இருக்கிறது. மெல்லிய கோடு ஒன்றால் அந்தப் பக்கத் தொடரையும் காட்டுங்கள். காகசஸின் மிக உயர்ந்த சிகரங்களில் பல முதன்மை மேட்டில் இல்லை என்பதைப் பாடப்புத்தகப் படங்கள் மறைத்துவிடுகின்றன. 5,193 மீ. உயரமுள்ள ஷ்காரா விதிவிலக்கு. அது முதன்மை மேட்டிலேயே, ஜார்ஜியா ரஷ்யா எல்லையில் நிற்கிறது. ஜார்ஜியாவின் உச்சமும் அதுவே. அசர்பைஜானின் உச்சம் 4,466 மீ. பசார்துசு.

உயரங்களில் ஒரு தொல்லை உண்டு. கஸ்பெக்குக்கு ஒரு நூல் 5,033 என்னும், இன்னொன்று 5,047 என்னும். ஷ்காராவுக்கும் பழைய நூல்களில் வேறு எண்கள் இருக்கும். சோவியத் கால அளவீடும் பிந்தைய அளவீடும் கலந்துகிடப்பதே காரணம். ஏதாவது ஒரே மூலத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சிகரங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

மரபாக எல்பரஸுக்கு மேற்கே மேற்குப் பகுதி, எல்பரஸிலிருந்து கஸ்பெக் வரை நடுப்பகுதி, அதற்குக் கிழக்கே கிழக்குப் பகுதி என்று பிரிப்பார்கள். நடுப்பகுதி குறுகியது; ஆனால் பனியாறுகளும் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்களும் அங்கேதான். மேற்குக் கோடியில், நோவொரோசிஸ்க் பக்கம், மலை சில நூறு மீட்டர்தான். குளிர்காலத்தில் வடகிழக்கே தேங்கும் குளிர்க்காற்று அந்தத் தாழ்ந்த முகட்டைத் தாண்டித் துறைமுகத்தின்மேல் கொட்டும். 'போரா' என்று பெயர். கப்பல்களைப் பனிக்கட்டியால் போர்த்திவிடும். இன்னும் கிழக்கே சோச்சியில் மலை உயர்ந்து காற்றை மறிப்பதால் பனைமரம் நிற்கிறது.

தென்கால் சிறுகாகசஸ். பத்தூமிக்குக் கிழக்கே 9.7, 7.6 என்ற இடத்தில் தொடங்கி, ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குத் தெற்காகப் போய், செவான் ஏரியின் வடகிழக்குக் கரையை ஒட்டி (14.5, 4.8), 16.0, 3.2 வழியாக அராஸ் ஆற்றை நோக்கி இறங்கும். இது ஒற்றைச் சுவரல்ல, பல தொடர்களின் கோவை. அழுத்தமான ஒரே கோடாக இழுக்காமல் துண்டு துண்டாகப் போடுவதே சரி. அதற்குத் தெற்கே எரிமலைக் குழம்பு பரவி உண்டான ஆர்மீனிய மேட்டுநிலம். அங்கே அரகாட்ஸ் 12.3, 5.1 (4,090 மீ., ஆர்மீனியாவின் உச்சம்), அராராத் 12.5, 3.4 (5,137 மீ.). அராராத் ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கிறது, ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து கண்ணுக்கெதிரே தெரிகிறது, ஆனால் நிற்பது துருக்கியில். வினாடி வினாக்களில் இது பலரைக் கவிழ்க்கும்.

குறுக்குப்படி லிகி தொடர். 11.3, 9.4 முதல் 11.3, 7.8 வரை ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். உயரமும் பெரிதில்லை, அதைக் கடக்கும் ரிகோத்தி கணவாய் ஆயிரம் மீட்டர்தான். அட்லஸ்களில் பெயர்கூட இருக்காது. ஆனால் இந்தத் தாளில் இதைவிட முக்கியமான கோடு வேறில்லை. இதற்கு மேற்கே விழும் மழை கருங்கடலுக்கு, கிழக்கே விழுவது காஸ்பியனுக்கு.

இந்த ஏணி உண்டானதற்குக் காரணம், தெற்கிலிருந்து அரேபியத் தட்டு யூரேசியத் தட்டின்மேல் இடித்துக்கொண்டிருப்பது. மடிந்து எழுந்தவை இரு கால்கள். அமிழ்ந்த இடைவெளியை ஆற்று வண்டல் நிரப்பியது. அழுத்தம் இன்னும் ஓயவில்லை. 1988 டிசம்பர் 7 அன்று வட ஆர்மீனியாவில் ஸ்பிடாக் நகரை அழித்த நிலநடுக்கத்தில் குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில், கியூம்ரி நகருக்குக் கிழக்கே, ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

ஆறுகள்

நீலப் பென்சிலை எடுத்ததும் குராவிலிருந்து தொடங்குங்கள். இதில்தான் அதிகம் பிழை வரும். துருக்கியில் 10, 5.6 அருகே பிறந்து வடக்கே ஜார்ஜியாவுக்குள் வருகிறது. போர்ஜோமி 11.1, 7.7 வரை அதன் போக்கைப் பார்த்தால் கருங்கடலுக்குத்தான் போகிறது என்று தோன்றும். மேற்கே லிகி மறிப்பதால் கிழக்கே திரும்பி, கோரி 12.2, 8.0, திபிலிசி 13.2, 7.4, மிங்காசேவிர் நீர்த்தேக்கம் 16.6, 5.5 வழியாகக் காஸ்பியனை அடைகிறது. நீளம் 1,515 கி.மீ. ஜார்ஜியர்கள் இதை ம்த்க்வாரி என்பார்கள்; இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு ஆறு வரைந்துவிட வேண்டாம்.

அராஸ் துருக்கியில் எர்சுரூமுக்குத் தெற்கே பிறந்து, அராராத்தின் வடகிழக்கே வளைந்து, ஜுல்ஃபா 14.4, 1.9 வழியாக ஓடி, 18.7, 4.0 என்ற இடத்தில் குராவோடு சேர்கிறது. தன் நீளத்தில் பெரும்பகுதி இது எல்லைக்கோடாகவே ஓடும் ஆறு. ஜுல்ஃபாவைக் குறிக்கும்போது சென்னைக்காரர்கள் ஒரு நொடி நிற்கலாம். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1604-05இல் இந்த ஊரின் ஆர்மீனிய வணிகர்களைப் பெயர்த்தெடுத்து இஸ்பகானருகே புதிய ஜுல்ஃபாவில் குடியேற்றினார். அங்கிருந்து கிளம்பிய வணிகக் குடும்பங்களே மதராசில் நிலைத்தவை. பாரிமுனையின் ஆர்மீனியன் தெருவும், உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் சென்னையில் அச்சானதும் அந்தப் பெயர்ச்சியின் தொடர்ச்சி.

மற்றவை சுருக்கமாக: ரியோனி, பெருங்காகசஸின் தென்சரிவிலிருந்து போத்திக்கு. எங்குரி, ஷ்காரா பக்கத்திலிருந்து கருங்கடலுக்கு, அதில்தான் 271.5 மீ. உயர வளைவு அணை. கூபன், எல்பரஸ் பனியில் பிறந்து வடக்கே போய் மேற்கே வளைந்து அசோவுக்கு. தெரெக், கஸ்பெக்கின் தென்புறம் பிறந்து, மலையைச் சுற்றி, தாரியல் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு விளாதிகாவ்காஸ் 13.0, 10.1 வழியாக வடக்கே இறங்கி, கிழக்கே திரும்பிக் காஸ்பியனுக்கு. செவான் ஏரியை 14.0, 4.7இல் சாய்ந்த நீள்வட்டமாகப் போடுங்கள். கடல்மட்டத்துக்கு 1,900 மீ. உயரத்தில் இருக்கிறது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் ஹ்ராஸ்தான் ஆறு வழியே நீரை இழுத்ததில் இருபதாம் நூற்றாண்டில் அதன் மட்டம் 20 மீட்டர் அளவுக்கு இறங்கியது. இழப்பை ஈடுகட்ட அர்ப்பா ஆற்றிலிருந்து 49 கி.மீ. சுரங்கம் வெட்டி நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மழைக்குப் பச்சை

ஏணியும் லிகியும் சரியாக விழுந்திருந்தால் மழை வரைபடத்தைப் பார்க்காமலே வண்ணம் தீட்டலாம். மேற்கே கருங்கடலைப் பார்த்துத் திறந்த புனல். ஈரக்காற்று உள்ளே நுழைந்து மூன்று பக்கமும் மலையில் முட்டுகிறது. பத்தூமிக்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 மி.மீ. அந்தப் பகுதியை அடர் பச்சையாக்குங்கள்; தேயிலையும் நாரத்தை இனங்களும் விளையும் கொல்கிஸ் தாழ்நிலம் அதுதான். லிகியைத் தாண்டியதும் பச்சையை வெளிறவிடுங்கள். திபிலிசிக்கு 500 மி.மீ. போல, யெரெவானுக்கு 300, பாக்குவுக்கு 200 சொச்சம்.

எல்லோரும் தவறவிடும் இடம் தென்கிழக்கு மூலை. கிழக்கே போகப் போக வறட்சி என்ற விதியை நம்பி லெங்கரானையும் மஞ்சளாக்கிவிடுவார்கள். அங்கே காற்று காஸ்பியன்மேல் ஈரம் எடுத்துக்கொண்டு வந்து தாலிஷ் மலையில் முட்டுகிறது. இலையுதிர் காலத்தில் மழை கொட்டும். ஆண்டுக்கு ஆயிரம் மி.மீ.க்கு மேல். ஆகவே லெங்கரானைச் சுற்றி ஒரு பச்சைத் திட்டு வேண்டும்.

கதவுகள்

பெருங்காகசஸைக் கடக்க வழிகள் சிலவே. கிழக்கே தர்பெந்த்: மலைக்கும் கடலுக்கும் இடையே மூன்று கி.மீ. அளவே சமநிலம், அதைப் பண்டைப் பாரசீக அரசர்களான சாசானியர்கள் மதிலால் அடைத்தார்கள். நடுவே தாரியல் பள்ளத்தாக்கும் 2,400 மீ. உயரத்தை ஒட்டிய ஜ்வாரி கணவாயும். விளாதிகாவ்காஸிலிருந்து திபிலிசிக்குப் போகும் ராணுவச் சாலை இதுதான். தாளில் அளந்தால் 150 கி.மீ.கூட வராது, சாலையோ 200 கி.மீ.க்கு மேல். மலைநாட்டில் நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்துப் பயண நேரம் கணக்கிட்டால் இப்படித்தான் ஏமாற வேண்டிவரும். குளிர்காலத்தில் பனிச்சரிவால் கணவாய் அடைபடும். 2014 மே மாதம் கஸ்பெக் பக்கமிருந்து சரிந்த பாறை சாலையையும் தெரெக்கையும் சேர்த்தே மறித்தது. இதற்கு மேற்கே ரோக்கி சுரங்கப்பாதை. இந்த மூன்று இடங்களிலும் சிவப்பில் சிறு இரட்டைக்கோடு போட்டுவிடுங்கள்.

ஐரோப்பா எங்கே முடிகிறது

ஒரே கோடு போட்டால் தவறு; மூன்று புள்ளிக்கோடுகள் வேண்டும். பண்டைக் கிரேக்கர்கள் ஃபாசிஸ் என்ற ரியோனி ஆற்றை எல்லையாகச் சொன்னார்கள். (ஆங்கிலத்தில் 'ஃபெசன்ட்' எனப்படும் பறவைக்கு அந்தப் பெயர் கிடைத்ததும் இந்த ஆற்றிலிருந்துதான்.) ரஷ்யப் புவியியல் மரபில் பலர் ஏற்றது குமா மானிச் பள்ளம்: மேல் ஓரத்தில் 7 செ.மீ. அருகிலிருந்து 10.4, 16.4 வழியாக 16.4, 13.7 வரை. இன்று பல அட்லஸ்கள் பின்பற்றுவது பெருங்காகசஸின் நீர்பிரிமேடு.

எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஐரோப்பாவின் உச்சியே மாறும். நீர்பிரிமேடு என்றால் எல்பரஸ் வடக்கே, ஐரோப்பாவில். மானிச் என்றால் எல்பரஸ் ஆசியாவுக்குப் போய்விடும், மகுடம் ஆல்ப்ஸின் மோன் பிளாங்குக்கு. ஆகவே 'ஐரோப்பாவின் உயர்ந்த சிகரம் எது' என்ற கேள்விக்கு எல்லை எதுவென்று சொல்லாமல் பதில் எழுதக் கூடாது.

இப்போது எல்லைகள்

ரஷ்யாவின் தென்னெல்லை பெரும்பாலும் நீர்பிரிமேட்டோடு போகும். ஆனால் ஜ்வாரி கணவாய் அருகே ஜார்ஜியா மேட்டைத் தாண்டி வடக்கே எட்டிப் பார்க்கிறது. கஸ்பெக் அடிவாரத்து ஸ்டெபான்ட்ஸ்மின்டா, இன்னும் கிழக்கே துஷெத்தி, இரண்டும் வடசரிவில் உள்ள ஜார்ஜிய நிலங்கள். எல்லையை மேட்டின்மேலேயே இழுத்தால் இவற்றை ரஷ்யாவுக்குத் தானம் செய்துவிடுவீர்கள். காஸ்பியனை நெருங்கும்போது எல்லை மேட்டை விட்டிறங்கி சமூர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளும்.

தெற்கே அராஸையே எல்லையாக எடுங்கள். அதன் வடகரையில் 13.2 முதல் 15.2 வரை நக்சிவான். அசர்பைஜானைச் சேர்ந்தது, ஆனால் ஆர்மீனியாவால் பிரிந்து கிடக்கிறது. நக்சிவானுக்கும் அசர்பைஜானின் மீதி நிலத்துக்கும் நடுவே ஆர்மீனியா ஈரானைத் தொடும் எல்லை 44 கி.மீ.தான், உங்கள் தாளில் 8 மி.மீ. அந்த இடைவெளியை மூடிவிடாதீர்கள். இந்தப் பகுதியின் அரசியலில் பாதி அங்கேதான்.

அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் விட்டுக்கோட்டால் காட்டுங்கள். 2008இல் ரஷ்யாவும் பிறகு மிகச் சில நாடுகளும் தனிநாடுகளாக ஏற்றன. மற்ற நாடுகளுக்கு அவை ஜார்ஜியாவின் பகுதிகள். அசர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக்கைத் தனியாகக் காட்டும் வரைபடம் 2023 செப்டம்பருக்கு முந்தையது. அப்போது அசர்பைஜான் அதை முழுமையாகக் கைப்பற்ற, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வெளியேறினார்கள்.

சரிபார்ப்பு

தாளின் நடுவே 12.4க்கும் 13.2க்கும் இடையே மேலிருந்து கீழே பாருங்கள்: விளாதிகாவ்காஸ், கஸ்பெக், திபிலிசி, யெரெவான் (12.8, 4.4), அராராத். ஐந்தும் 44½° தீர்க்கத்தை ஒட்டி ஒரே வரிசையில் விழ வேண்டும். அதேபோல் 10 செ.மீ. உயரத்தில், 43° அட்சத்தில், சுகுமி, ஷ்காரா, விளாதிகாவ்காஸ், மகாச்கலா. இந்தச் சிலுவை சரியாக இருந்தால் மற்றவை பெரிதாகப் பிசகாது.

இனி நூல். அனபாவிலிருந்து பாக்கு வரை மலைமுகட்டின்மேல் படுக்கவைத்து, எடுத்து அளவுகோலில் நீட்டுங்கள். 21 செ.மீ. ஒட்டி வந்தால் சரி; 55ஆல் பெருக்கினால் சுமார் 1,150 கி.மீ. 26, 27 என்று வந்தால் தீர்க்கத்துக்கும் 2 செ.மீ. போட்டிருக்கிறீர்கள், புதுத்தாள் எடுக்க வேண்டியதுதான். நீளம் சரியாக இருந்தும் ஏதாவது ஓர் ஊர் மட்டும் இடம் மாறியிருந்தால், அந்த ஊரின் கலைகளை 60ஆல் வகுத்தீர்களா என்று பாருங்கள்.